புதுப்பிப்பு: தனியார் கவுன்சலிங், தகுதியைச் சரிபார்ப்பது எப்படி?

தனியார் தெரபிஸ்டிடம் போகும் முன் கேட்க வேண்டியவை பற்றிய என் இழையில், தகுதியை எப்படிச் சரிபார்ப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

'கவுன்சலர்' என்று குறுகிய கால சான்றிதழ் வைத்திருப்பவரும் பலகை மாட்டிக்கொள்கிறார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (பேச்சு வழி சிகிச்சை தரும் மனநல உளவியலாளர்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி ஆர்சிஐ இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் பொருந்த வேண்டும், பதிவு காலாவதியாகியிருக்கக் கூடாது. எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் போகவே வேண்டாம். மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

தெரபிஸ்டிடம் நீங்கள் சொல்வதன் ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அவர் பிறரிடம் சொல்லலாம். 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இதை முதல் அமர்விலேயே விளக்குபவர்தான் நல்ல தெரபிஸ்ட்.

பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள், தயவுசெய்து. ஒத்துவராது என்று மூன்றாவது அமர்வில் தெரிந்தாலும், பணம் போய்விடுமே என்று தொடரத் தோன்றும். அமர்வை ரத்து செய்தால் என்ன விதி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்; 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம் கேட்பவர்கள் நிறைய.

அவசரமென்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள்: டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.