கள் மதுவத்தைப் பத்து நாட்கள் தொடர்ச்சியாக வளர்ப்பது எப்படி?

வினா (மாணவி, வவுனியா)
வணக்கம். பனங்கள்ளிலிருந்து பிரித்தெடுத்த மதுவத்தில் (ஈஸ்ட்) வெப்பத்தைத் தாங்கும் வகையைத் தெரிவு செய்வதற்காக, 20 மில்லிலீற்றர் வளர்ப்பைப் பத்து நாட்கள் தானியங்கியாக ஓட்ட முயல்கிறேன். ரஸ்பெரி பை என்ற சிறு கணினி இயக்கும் இரண்டு பெரிஸ்டால்டிக் பம்பிகள் (குழாயை அழுத்தித் திரவத்தைத் தள்ளுபவை), காந்தக் கலக்கி, சூடாக்கி, ஒளியுணரி ஆகியவை என்னிடம் உள்ளன. மணிக்கு 6 மில்லிலீற்றர் ஊடகம் (மதுவத்துக்கான போசணைக் கரைசல்) செலுத்தினேன். நான்காம் நாள் ஊடகப் போத்தலே கலங்கிவிட்டது; நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அரும்புவிட்ட அதே மதுவம். பிழை எங்கே?

பதில் 1 (ஆய்வுகூட உத்தியோகத்தர், கிளிநொச்சி)
தங்கச்சி, உள்வரும் குழாயின் நுனி வளர்ப்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். ஈரமான குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு மதுவம் மேல்நோக்கி வளரும். பம்பி மெதுவாக ஓடும்போது அதைத் தடுக்க எதுவுமில்லை. சேலைன் ஏற்றும் குழாயில் இருக்கும் துளிக்கூண்டைப் போல, ஊடகம் காற்றிடைவெளி ஒன்றினூடாகத் துளித்துளியாக விழ வேண்டும். வெளியேற்றும் குழாயின் நுனியைச் சரியாக 20 மில்லிலீற்றர் மட்டத்தில் நிறுத்தி, அந்தப் பம்பியை உள்வரும் பம்பியைவிடக் கூடுதல் நேரம் ஓடவிட்டால் குப்பி நிரம்பி வழியாது.

பம்பியின் வேகத்தைத் தராசில் சரிபாருங்கள்: பத்து நிமிடத்தில் 1 கிராம் நீர் விழுந்தால்தான் அது மணிக்கு 6 மில்லிலீற்றர். சிலிக்கோன் குழாய் நாளடைவில் தளர்வதால் ஐந்தாம் நாளும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் நோக்கத்துக்கு நிலையான வேகமே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. 1950இல் மொனோ என்ற விஞ்ஞானியும், தனியாக நோவிக், சிலார்டு என்ற விஞ்ஞானிகள் இருவரும் வகுத்த கீமோஸ்டாட்டில், அதாவது நிலையான வேகத்தில் ஊடகம் செலுத்தும் முறையில், ஐதாக்கல் வீதமே (மணிக்குச் செலுத்தும் ஊடகத்தை வளர்ப்பின் கனவளவால் வகுத்தது) வளர்ச்சி வீதத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் வீதம் மணிக்கு 0.3. வெப்பம் கூடி, மதுவம் இரட்டிக்கும் நேரம் ஏறத்தாழ 2.3 மணியைத் தாண்டினால், தெரிவு நடக்குமுன்பே முழு வளர்ப்பும் கழுவுண்டு போய்விடும். கலங்கல் ஓர் எல்லையைத் தாண்டும்போது மட்டும் ஐதாக்கும் டர்பிடோஸ்டாட் முறையில், வேகமாக வளர்வது தானாகவே முந்தும்.

பதில் 2 (ஆசிரியை, முல்லைத்தீவு)
டர்பிடோஸ்டாட்டுக்கு நானும் உடன்படுகிறேன்; எனினும் கண்ணாடியில் படியும் மதுவப் படலத்தை ஒளியுணரி கலங்கலென்றே எண்ணும். அதனால் பம்பி ஓயாமல் ஓடி, மிதப்பவை வெளியேற, சுவரில் ஒட்டிக்கொள்பவையே எஞ்சும். இரண்டு நாளுக்கொரு முறை புதிய, கிருமியழித்த குப்பிக்கு மாற்றுங்கள்.

நம் வன்னி வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடாக்கியால் சூடாக்க மட்டுமே முடியும். சித்திரை மாத மதியத்தில் அறையே 30 பாகையைத் தாண்டியிருக்கையில் குப்பியை 30இல் வைத்திருக்க இயலாது. ஆகவே 35 பாகையில் தொடங்கி, வளர்ச்சி மீண்ட பின்னர் ஒவ்வொரு பாகையாக உயர்த்துங்கள்.

மின்சாரம் நின்றால் கலக்கியும் நின்று, மதுவம் அடியில் படிந்துவிடும். மின்சாரம் மீண்டதும் உணரி காட்டும் அளவு பொய்யானது. பத்து நிமிடம் கலக்கிய பின்பே அளக்கவும் பம்பியை இயக்கவும் நிரலை எழுதி, முழுத் தொகுதியையும் மின்கல இருப்பில் இணையுங்கள்.

வினவியவர்
இருவருக்கும் மிக்க நன்றி. குழாயின் நுனி வளர்ப்பினுள் மூழ்கியேதான் இருந்தது. துளிக்கூண்டைப் பொருத்தி, முதலில் மதுவம் இடாமல் வெறும் ஊடகத்தை மூன்று நாட்கள் ஓட்டி, அது தெளிவாகவே இருக்கிறதா என்று பார்த்த பின்னர் தொடங்குகிறேன்.