போராட்டக் காலத்தில் கல்லூரி முத்தமிழ் விழாவை நடத்தலாமா?

கேள்வி (முதுகலை மாணவி, மதுரை):
எங்கள் மாணவர் மன்றம் முத்தமிழ் விழாவுக்கு நாள் குறித்த பிறகு நகரில் போராட்டம் வலுத்துவிட்டது. விழாவைத் தள்ளிவைப்பது முறையா என்று, முந்தைய போராட்டக் காலங்களை அறிந்த பெரியவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
1965-இல் இப்படி யோசிக்கவே இடமிருக்கவில்லை, அம்மா. இந்தி ஆட்சிமொழியாவதற்கு முதல் நாளான ஜனவரி 25 அன்று, ஊர்வலம் சென்ற மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் வடக்கு மாசி வீதியில் மூண்ட மோதல் மாநிலமெங்கும் கலவரமாகப் பரவ, அரசு கல்லூரிகளை மூடிவிட்டது. அன்று மதுரையில் அரசியல் சட்டத்தின் மொழிப் பிரிவை எரித்த மாணவர்கள் நா. காமராசனும் கா. காளிமுத்துவும், முன்னவர் பின்னாளில் புதுக்கவிதையில் பெயர் பெற்றார், பின்னவர் சட்டப்பேரவைத் தலைவரானார். கவியரங்கத்தையும் கிளர்ச்சியையும் எதிரெதிராக நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

மறுமொழி (முன்னாள் மாணவர்):
ஐயா சொல்வது சரிதான். எனினும் 2017 ஜனவரியில் தமுக்கத்தில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டு, வைகைப் பாலத்தில் ரயிலும் மறிக்கப்பட்டதை நினைத்தால், மேலூர், உசிலம்பட்டி பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவிகள் மாலையில் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதே முதற்கவலை. ஆகவே போட்டிகளை முற்பகலிலேயே முடித்துவிட்டு, இரவுப் பட்டிமன்றத்தை மட்டும் தள்ளிவையுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. முதல்வரிடம் முற்பகல் நிகழ்ச்சிக்கு மட்டும் அனுமதி கேட்கிறோம்.