ஒழுங்கைக்குப் பின்னால் குளம் முழுக்க ஜப்பான் ஜபர: ஒரே நாளில் எடுக்கலாமா?

கடைசி_ஒழுங்கை:

வணக்கம். தெஹிவளைப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய ஒரு சதுப்புத் துண்டு எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கிறது. திறந்த தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 40 பேர்ச்சஸ். இப்போது தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை, அதுதான் எல்லாரும் ஜப்பான் ஜபர என்று சொல்லுகிற செடி. பொங்கல் முடிந்த ஞாயிறு ஒரு சிரமதானம் வைக்க இருக்கிறோம். 25 பேர் வருவார்கள். கேட்க நினைப்பவை:

களைகொல்லி அடித்துச் சாகவிட்டு எடுப்பது சுகமா, பச்சையாகவே இழுப்பதா? எடுத்ததை உரமாக்கி மரக்கறித் தோட்டத்துக்குப் போடலாமா? கரையில் அன்னமுன்னா மாதிரிக் காய்க்கிற மரங்கள் நிறைய வந்திருக்கின்றன, நல்ல நிழல். அவற்றை அப்படியே விட்டு, சுற்றிவர நடைபாதை போட்டு, குளத்தில் தாமரை நட யோசனை. சரியா?

முக்குளிப்பான்:

தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். அடர்ந்து வளர்ந்த ஜபர ஒரு சதுர மீற்றருக்கு 20 முதல் 40 கிலோ வரை நிற்கும். 40 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1010 சதுர மீற்றர். 25 கிலோ என்று குறைத்துப் பிடித்தாலும் 25 தொன். உங்களிடம் 25 பேர். ஆளுக்கு ஒரு தொன், ஒரே பகலில், இடுப்பளவு சேற்றில். நடக்காது. பாதியில் விட்டால் நிலைமை இன்னும் மோசம். சூடான, கழிவு சேர்ந்த தண்ணீரில் இது இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். செடிக்குச் செடி ஓடுதண்டு விட்டுப் பெருகுவதால், ஒதுக்குப்புறத்தில் தப்பிய நாலு செடி போதும்.

அதனால் கட்டம் கட்டமாகப் பிரித்து எடுங்கள். 8 மில்லிமீற்றர் நைலோன் கயிற்றில், மூடி இறுக்கிய ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தல்களை அடிக்கு ஒன்று வீதம் கட்டுங்கள். கயிற்றின் கீழே ஓரடி அகலத்தில் பச்சை நெட் தொங்கட்டும், இல்லாவிட்டால் சிறு செடிகள் அடியால் நுழைந்துவிடும். இதுதான் மிதக்கும் வேலி. இரு கரையிலும் முளை அடித்துக் கட்டும்போது இறுக்கிக் கட்டாதீர்கள். முளையில் வளையமாகப் போட்டு, தண்ணீர் ஏறினால் வளையமும் ஏறுகிற மாதிரி விடவேண்டும். இறுக்கிக் கட்டிய வேலி ஒரு நல்ல மழைக்குத் தண்ணீருக்குள் அமிழும், செடி மேலால் தாண்டிப் போய்விடும். அதிகம் நடக்கிற பிழை இதுதான்.

5க்கு 10 மீற்றர் கட்டம் ஒன்றில் ஒன்றேகால் தொன் இருக்கும். 25 பேர் ஒரு காலையில் நாலு கட்டம் முடிக்கலாம். அப்படியானால் ஐந்து ஞாயிறு. தையில் தொடங்கினால் மாசி கடைசிக்குள் முடியும், சித்திரை மழைக்கு முன்னால். தண்ணீர் உள்ளே வருகிற வாயிலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் மேலிருந்து புதுச்செடி வந்து துப்புரவான இடத்தை நிரப்பும். அந்த வாயிலும் ஒரு வேலி நிரந்தரமாக வேண்டும்.

களைகொல்லி வேண்டவே வேண்டாம். செத்த செடி அப்படியே அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரின் ஒட்சிசன் தீரும், விடியற்காலையில் திலாப்பியா மேலே வந்து வாய் பிளக்கும், மறுநாள் மிதக்கும். செடி உறிஞ்சி வைத்திருந்த கழிவுச் சத்தும் திரும்பக் குளத்துக்கே. தண்ணீருக்குள் வைத்துக் கத்தியால் துண்டு போடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். வேரோடு இழுங்கள்.

இழுத்ததைக் கரைச் சரிவில் வேர்ப்பக்கம் தண்ணீரைப் பார்க்க அரை மணித்தியாலம் வையுங்கள். வேரைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், கறுப்புத் தும்பு மாதிரி இருக்கிற அதற்குள் குஞ்சு மீன், நத்தை, தும்பிப் புழு எல்லாம் இருக்கும். பெரும்பகுதி தானாகத் திரும்பிவிடும். பிறகு கரையிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளிக் குவியுங்கள். பச்சையாக டிப்பரில் ஏற்றக் கூடாது. காம்பு முழுக்கக் காற்று, எடை வருமுன் இடம் நிரம்பிவிடும், நீங்கள் காற்றுக்கு வாடகை கட்டுவீர்கள். நாலைந்து நாள் வாடவிட்டு, மிதித்து ஏற்றினால் லோடு பாதிக்கு மேல் குறையும்.

ஒன்று கவனம். குவித்ததைக் கரையோரமாகவே மட்டம் பண்ணி, மேலே மண் போட்டு நடைபாதை என்றால், அது சதுப்பு நிரப்பல். தாழ்நிலம் நிரப்ப இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி தேவை. கொழும்பில் பல குளங்கள் சுருங்கியது இப்படி அடியடியாகத்தான்.

கடைசி_ஒழுங்கை:

மிக்க நன்றி அண்ணா. ஐந்து ஞாயிறு என்றால் ஆள் சேர்ப்பதுதான் பாடு. அனுமதி யாரிடம் கேட்பது? சும்மா செடி பிடுங்கவும் கடிதம் வேண்டுமா?

முக்குளிப்பான்:

வேண்டும். முதலில் கிராம அலுவலரிடம் போய் அந்தத் துண்டு யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள். வாய்க்காலும் வெள்ளநீர் தேங்கு நிலமும் பெரும்பாலும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கீழ். 1990 இல் சரணாலயமாக அறிவித்த பெல்லன்வில-அத்திடிய எல்லைக்குள் விழுந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கிளைகூட ஒடிக்கக் கூடாது. கடிதத்தில் 2018 இல் கொழும்பு ரம்சார் (ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டதை ஒரு வரி எழுதுங்கள், மேசையில் கிடக்காமல் நகரும். கடிதத்திலேயே டிப்பரும் கேளுங்கள். இயந்திரப் படகு கேட்காதீர்கள், 40 பேர்ச்சஸுக்குள் அது திரும்பவே இடம் போதாது.

உரக்குழி:

உரம் பற்றி. ஜபர நல்ல உரமாகும், ஆனால் வாய்க்கால் ஜபரவை மரக்கறிக்குப் போடாதீர்கள். ஈயம், கட்மியம், குரோமியம் போன்றவற்றை இந்தச் செடி தண்ணீரிலிருந்து இழுத்து, முக்கியமாக வேரில் சேர்த்து வைக்கும். மேலே ஒரு கராஜ், ஒரு பெயின்ற் கடை, ஒரு சேர்விஸ் நிலையம் இருந்தாலே போதும். உலோகம் மக்கிப் போகாது. பத்துக் கூடை செடி ஒரு கூடை உரமாகச் சுருங்கும்போது பத்துக் கூடையின் உலோகமும் அந்த ஒன்றில்தான் இருக்கும். வேரை வெட்டி எறிந்தால் குறையும், இல்லாமல் போகாது. குரோட்டன், வேலிச்செடி, புற்றரைக்கு மட்டும் பாவியுங்கள். மரக்கறிக்குத்தான் என்று பிடிவாதமானால் முதலில் ஒரு மாதிரியைக் கைத்தொழில் தொழினுட்ப நிறுவனத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள்.

செய்முறை: வாடிய ஜபர மூன்று பங்கு, காய்ந்த இலை அல்லது தும்புத்தூள் ஒரு பங்கு, இடையிடையே கொஞ்சம் மாட்டுச் சாணம். குவியல் நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீற்றருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூடு ஏறாது. சூடு ஏன் முக்கியம் என்றால் விதை. பூத்த செடியின் விதை சேற்றில் 15, 20 வருடம் உயிரோடு கிடக்கும். குவியலின் நடுவில் 55 முதல் 60 பாகை சில நாள் நின்றால்தான் சாகும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் ஐந்து நிமிடம் குத்தி வைத்து இழுத்துப் பிடியுங்கள். கை பொறுக்காவிட்டால் சரி. கிழமைக்கு ஒருமுறை வெளியில் இருப்பதை உள்ளே போட்டுப் புரட்டுங்கள், விளிம்பில் கிடந்த விதைக்கும் சூடு பட வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிதான் விழ வேண்டும். ஓடையாக வடிந்து நாறினால் வாடவிடாமல் குவித்திருக்கிறீர்கள், தும்புத்தூளைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தயார்.

தாழம்புதர்:

எல்லாரும் ஜபரவில் நிற்கிறீர்கள். எனக்கு அந்த ‘அன்னமுன்னா மாதிரி’ மரந்தான் கண்ணில் குத்துகிறது. அது வெல் ஆத்தாவாக இருந்தால், உங்கள் குளத்தின் பெரிய வில்லங்கம் அதுதான். அமெரிக்கப் பக்கத்து மரம். அன்னமுன்னா இனங்களை ஒட்டுவதற்கு அடிக்கட்டையாகக் கொண்டுவரப்பட்டு, தப்பி, கொழும்புச் சதுப்புகளைப் பிடித்துக்கொண்டது. ஜபரவை மிதக்கும் வேலி தடுக்கும். இது நிலத்தையே மாற்றும். அடர்ந்த வேருக்குள் வண்டல் பிடித்து, கரை உள்ளே நகர்ந்து, சம்பும் பன்னமும் நின்ற இடம் இருட்டுக் காடாகும். கீழே ஒன்றும் முளைக்காது.

வெட்டுமுன் நிச்சயப்படுத்துங்கள். சதுப்புக் கரையில் இதோடு குழம்புவது கதுரு. இலையைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வந்து, இலைகள் கிளை நுனியில் கொத்தாக நின்றால் கதுரு. அது நம் மரம், விட்டுவிடுங்கள், காய் கொடிய நஞ்சு, பிள்ளைகள் தொடக் கூடாது. பால் வராமல், பளபளப்பான இலை கிளையின் இரு பக்கமும் மாறிமாறி நின்று, அடிமரம் பானை மாதிரி ஊதி, வழவழப்பான பச்சைக் காயைப் பிளந்தால் மஞ்சள் சதைக்குள் நூறுக்கு மேல் விதை நெருக்கியடித்திருந்தால் வெல் ஆத்தா.

விதை மாதக்கணக்கில் மிதந்தும் முளைக்கும், ஆகவே முதல் வேலை காயைப் பொறுக்குவது. மரத்தில் இருப்பதையும் தண்ணீரில் மிதப்பதையும் உரப்பையில் கட்டி வெளியே கொண்டுபோங்கள். இடுப்புயரத்துக்குக் குறைந்த கன்றுகளை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்கலாம். பெரிய மரத்தை வறட்சியில், தண்ணீர் இறங்கியிருக்கும்போது, சேற்று மட்டத்தோடு அறுக்க வேண்டும். மழைக்குத் தண்ணீர் ஏறி அடிக்கட்டையை மூடினால் துளிர்ப்பது குறையும். முழங்கால் உயரத்தில் அறுத்தால் ஒரு மரம் எட்டுக் கிளையாகத் திரும்பும். எப்படி அறுத்தாலும் ஆறு கிழமைக்கு ஒருதரம் துளிரை ஒடிக்க ஆள் வேண்டும், குறைந்தது ஒரு வருடம். ஆள் இல்லையென்றால் அறுக்காதீர்கள்.

ஒரேயடியாக எல்லா மரத்தையும் சாய்க்கவும் வேண்டாம், கரை சரியும். ஒரு பக்கத்தில் 10 மீற்றர் வெட்டி, அங்கே தாழை, சமுத்திரப்பழம், தண்ணீர் ஓரத்தில் சம்பு என்று வேர் பிடிக்க விட்டு, அடுத்த வருடம் அடுத்த துண்டு. கொக்கும் நீர்க்காகமும் அடைகிற மரமென்றால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள்.

தாமரையை விடுங்கள். கழிவுத் தண்ணீரில் அதுவும் குளத்தை மூடும். சேற்றில் கிடக்கிற விதைகள் வெளிச்சம் பட்டதும் தாமாக வரும். கூடவே சல்வீனியாவும் வரும், அதைப் பாருங்கள். 1939 இல் கொழும்புக்குத் தாவரவியல் படிப்புக்கென்று வந்த மிதக்கும் பன்னம் அது. ஜபர விட்ட இடத்தை முதலில் பிடிப்பது அதுதான். வலைக்கூடையால் கிழமைக்கு ஒருதரம் அள்ளினால் போதும்.

வெள்ளவத்தைக்காரி:

ஒரு மாற்றுக் கருத்து. ஜபர கழிவை வடிகட்டுகிறதே. முழுக்க எடுத்துவிட்டால் குளம் பச்சைப் பாசியாகி நாறாதா?

முக்குளிப்பான்:

நல்ல கேள்வி அக்கா. நைதரசனையும் பொசுபரசையும் அது உறிஞ்சுவது உண்மை. ஆனால் செடியை அள்ளி வெளியே கொண்டுபோனால்தான் அது வடிகட்டல். விட்டுவைத்தால் அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். பாசி வரும் என்பதும் சரி, சத்து மிஞ்சி வெளிச்சமும் கிடைத்தால் வரத்தான் செய்யும். ஆகவே உள்ளே வருகிற வாயில் வேலிக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டம், 20 சதுர மீற்றர் போதும், ஜபரவை வைத்துக்கொண்டு இரண்டு கிழமைக்கு ஒருதரம் பாதியை அள்ளலாம். அள்ளத் தவறுகிற குழு இதைச் செய்யவே கூடாது. கங்குன் கீரையும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அந்தக் கங்குனைச் சமைத்துச் சாப்பிட வேண்டாம்.

உண்மையான மருந்து கழிவு வருகிற இடத்தை அடைப்பது. மழை இல்லாமல் நாலு நாள் கழித்து, காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் சுற்றிவர நடவுங்கள். அப்போதும் ஓடுகிற கான் மழைநீர்க் கான் அல்ல. நுரையோடு வந்தால் குளியலறை, உடுப்புக் கழுவுகிற தண்ணீர். சாம்பல் நிறமும் நாற்றமும் என்றால் மலக்குழி வழிகிறது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இடம் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்காரரோடு முதலில் பேசுங்கள், பலபேருக்குத் தங்கள் குழாய் எங்கே போகிறது என்றே தெரியாது.

வெள்ளவத்தைக்காரி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். நுளம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள், மக்கள் வருவது அதற்காகத்தான். மன்சோனியா நுளம்பின் புழு மேலே வந்து மூச்சு விடாது, ஜபர வேரைக் குத்தி அதிலிருந்தே காற்றை எடுக்கும். செடி போனால் அதுவும் போகும். டெங்கு நுளம்பு வேறு சங்கதி, அது நீங்கள் கரையில் போட்டுவிட்டுப் போகிற போத்தலிலும் யோகட் கோப்பையிலும்தான் வளரும்.

இறங்குகிறவர்களுக்கு: எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். முழங்கால் பூட்ஸ், இறப்பர் கையுறை, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியல். இரண்டு கிழமைக்கு முன்னரே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் சொல்லுங்கள், தடுப்பு மருந்து யாருக்கு என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோ வந்தால் சதுப்பில் இறங்கியதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தெஹிவளை வாய்க்காலில் முதலை வருவதும் உண்டு. விடியலிலும் மாலையிலும் இறங்காமல், முதலில் கரையிலிருந்து கம்பால் அடித்துப் பாருங்கள். கபரகொய்யா (நீர் உடும்பு) தானாக ஓடும், துரத்தாதீர்கள்.

கடைசி_ஒழுங்கை:

இன்று காலை ஏழு மணிக்குச் சுற்றி நடந்து பார்த்தோம். மழை பெய்து ஆறு நாள். மூன்று கான் ஓடுகிறது, இரண்டில் நுரை, ஒன்று சாம்பல் நிறம். மரத்தின் இலையைக் கிள்ளிப் பார்த்தோம், பால் இல்லை. காயைப் பிளந்து எண்ணினோம், 130 வரை வந்து விட்டுவிட்டோம். கடிதம் நாளைக்குக் கொடுக்கிறோம். முதல் ஞாயிறு மிதக்கும் வேலியும் காய் பொறுக்குவதும் மட்டும். 8 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 60 மீற்றர் போதுமா, இரண்டு வேலிக்கும் சேர்த்து?

முக்குளிப்பான்:

குளத்தின் அகலத்தை நூல் பிடித்து அளந்து, அதோடு பத்துக்கு இரண்டு கூட்டுங்கள். வாயில் வேலிக்குத் தனியாக வாங்குங்கள், அது வெயிலில் வருடம் முழுக்கக் கிடக்கும், மலிவுக் கயிறு ஆறு மாதத்தில் பொடியும்.