மலையில் நூலகம் நடத்துறவங்க யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் தோழர்களே. ஏற்காடு மலையில ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கிறேன். போன வாரம் காபித் தோட்டத்துல பழம் பறிச்சிட்டு நேரா வந்த ஒரு பொண்ணு, விரல்ல பிசின் கறையோட புத்தகத்தைத் தொட்டுச்சு. "கைய கழுவிட்டு வாம்மா"ன்னுட்டேன். போனது திரும்பி வரல. அன்னைக்கே ஓய்வுபெற்ற சார் ஒருத்தர் பஜ்ஜி எண்ணெய்க் கையோட பேப்பர் புரட்டினாரு. அவருக்கு மின்விசிறியைப் போட்டுவிட்டேன்!

ராத்திரி தூக்கம் வரல. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல்'னு நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லயே எழுதி வெச்சது எனக்கு மனப்பாடம். ஆனா பதிவேட்டைப் புரட்டினா தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்காரங்க பேரே அரிதா இருக்கு. முகவரிச் சான்று கேட்டே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.

இப்ப தினமும் மூடுறப்ப, இன்னைக்கு யார்கிட்ட எப்படிப் பேசினேன்னு ரெண்டு வரி எழுதுறேன். ஆனா நம்ம தப்பு நமக்கே எங்க தெரியுது? வேற என்ன கேள்விகளை என்னையே கேட்டுக்கலாம்? சான்று இல்லாதவங்களுக்கு நீங்க எப்படிப் புத்தகம் குடுக்கறீங்க? இந்த மலையில வாழற மலையாளி பழங்குடி மக்களோட பழகின சேலத்துக்காரங்க இருந்தா, அந்தப் பொண்ணை எப்படித் திரும்பக் கூப்பிடறதுன்னும் சொல்லுங்க.