எம்பாக்ஸ் – எச்.ஐ.வி. கூட்டுத்தொற்று: விகிதம் கணக்கிட உதவி தேவை

நோய்ப்பரவலியல், புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். 2022 பரவலில் எம்பாக்ஸ் (குரங்கம்மை) வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளோரின் விகிதத்தைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டுகிறோம். சிக்கல் பகுதியில்தான் (வகுக்கும் எண்ணில்).

16 நாடுகளின் 528 நோயாளிகள் கொண்ட தொகுப்பில் 41% பேருக்கு எச்.ஐ.வி.; அவர்களில் பெரும்பாலோர் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துச் சிகிச்சை) எடுப்பவர்கள், இறப்பே இல்லை. 2023-இல் வெளியான 382 பேர் தொகுப்பில் 27 இறப்புகள். இறந்த அத்தனை பேருக்கும் சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) 200-க்குக் கீழ். ஆனால் இதில் சிடி4 350-க்குக் குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளை மட்டுமே சேர்த்தார்கள். இதை விகிதக் கணக்கில் போட்டால் எல்லாம் பாழ். தீவிரத்தை ஆராய மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

எச்.ஐ.வி. நிலை பதிவாகாதவர்களை என்ன செய்வது? உதாரணத்துக்கு, 200 பேரில் 120 பேருக்கே நிலை தெரியும், அதில் 48 பாசிட்டிவ் என்று வையுங்கள். தெரிந்தவர்களில் 40%. தெரியாத 80 பேரையும் நெகட்டிவ் என்றால் 24%, பாசிட்டிவ் என்றால் 64%. இவ்வளவு அகலமான இடைவெளியை அப்படியே அட்டவணையில் காட்டலாமா, இல்லை மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் (விடுபட்ட தகவலைப் பலமுறை மதிப்பிட்டு நிரப்புவது) செய்யலாமா? சோதனை செய்யாததே தற்செயலாக இராது என்பதால் இரண்டாவதில் நம்பிக்கை குறைவு.

இன்னொன்று: பாலியல் நோய் கிளினிக் தரவையும் பொதுச் சுகாதாரக் கண்காணிப்புத் தரவையும் தனித்தனியாகத் திரட்டுவதா, மெட்டா ரிக்ரஷனில் (ஆய்வுகளின் முடிவுகள் ஏன் வேறுபடுகின்றன என்று அவற்றின் தன்மைகளை வைத்துப் பார்க்கும் முறை) மாறியாகச் சேர்ப்பதா? ஆய்வுகள் பத்துக்கும் குறைவு. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்து பார்த்தவர்கள் நிரலை (code) பகிர்ந்தால் நல்லது.