'பிரெஞ்சு நோய்': வசையா, வந்த வழியா?

வைகைக்கரையான்
சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு ஐரோப்பாவில் இருந்த பழைய பெயர்களைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இத்தாலியருக்கும் ஜெர்மானியருக்கும் ஆங்கிலேயருக்கும் அது 'பிரெஞ்சு நோய்'. பிரெஞ்சுக்காரருக்கு 'நேப்பிள்ஸ் நோய்'. ரஷ்யர் போலந்தைச் சொன்னார்கள், போலந்துக்காரர் ஜெர்மனியைச் சொன்னார்கள். பக்கத்து நாட்டுக்காரன் மீதுள்ள வெறுப்பைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

தேன்மொழி
அண்ணா, வெறுப்பு இருந்தது சரி. வேறொன்றும் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் 1494இல் இத்தாலிக்குள் படையெடுத்து, 1495இல் நேப்பிள்ஸைப் பிடித்தார். நோய் பெரிதாக வெடித்தது அப்போதுதான். அவர் படையில் பல நாட்டுக் கூலிவீரர்கள். ஊர் திரும்பியவர்களோடு நோயும் ஊர் ஊராகப் போனது. இத்தாலியன் கண்ணுக்குக் கொண்டுவந்தவன் பிரெஞ்சுக்காரன். பிரெஞ்சுக்காரனுக்கோ நேப்பிள்ஸில் தொற்றியது. அவரவர் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

வைகைக்கரையான்
பார்த்ததைச் சொல்லட்டும், பெயராக ஏன் வைக்க வேண்டும்? படையெடுப்பு மறந்துபோகும், பழி மட்டும் நிற்கும். நோய்க்கு நாட்டின் பெயரோ ஊரின் பெயரோ வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல்தான் சொன்னது. வெரோனா மருத்துவர் ஃபிராகஸ்டோரோ 1530லேயே வழிகாட்டிவிட்டார். அவருடைய லத்தீன் கவிதையில், வெயில் தாங்காத சிஃபிலஸ் என்ற இடையன் சூரியக் கடவுளைப் பழிக்கிறான். நோய் முதலில் அவனைப் பிடிக்கிறது. கற்பனை இடையன் பெயர், யாருக்கும் தலைகுனிவு இல்லை.

தேன்மொழி
அந்தக் கவிதையின் தலைப்பே 'சிஃபிலிஸ், அல்லது பிரெஞ்சு நோய்'. அவரும் அதை விடவில்லை. அதைவிட என்னை உறுத்துவது கதைதான். இடையன் பாவம் செய்தான், தண்டனையாக நோய் வந்தது! நாட்டின் மேல் இருந்த பழியை இறக்கி நோயாளியின் தலையில் வைத்த பெயர் இது. பிரெஞ்சில் இதைப் 'பெரிய வெரோல்' என்றும், பெரியம்மையைச் 'சின்ன வெரோல்' என்றும் அன்று சொன்னார்கள். ஆங்கிலத்திலும் 'கிரேட் பாக்ஸ்', 'ஸ்மால் பாக்ஸ்'. உடம்பில் தெரிந்த கொப்புளத்தைச் சொன்ன பெயர்கள். அவைதான் நியாயமானவை.

மருந்துக்கடை மகன்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை விற்கிறோம். பெயர்தான் பட்டை, கைக்கு வருவது கட்டை மாதிரி கனமான கிழங்குத் துண்டு. சீனத்துச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இதைக் கொண்டுபோக, ஐரோப்பாவிலும் இதே நோய்க்குக் கொடுத்தார்கள். நோய்க்கும் நம்மிடம் 'பறங்கிப்புண்' என்று பெயர். துருக்கியில் 'ஃபிரெங்கி'. பறங்கி, ஃபிரெங்கி, பிரெஞ்சு மூன்றுக்கும் வேர் 'ஃபிராங்க்' என்ற இனப்பெயர்.

தேன்மொழி
பாருங்கள் அண்ணா, நோயோடு கப்பலில் வந்தவனை நம் ஊர்க்காரரும் பெயரிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.

வைகைக்கரையான்
குறித்தது வந்தவனையா, தங்கச்சி? வந்தவன் போர்த்துக்கீசியன். பெயரில் இருப்பது ஃபிராங்க். ஒருவன் கொண்டுவந்ததற்குப் 'பறங்கி' என்று ஐரோப்பியர் எல்லோரையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். நான் முதலிலிருந்து எதிர்ப்பது இதைத்தான்.