மொனிட்டரில் படம் கிழிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மொனிட்டர் இது. புதுப்பிப்பு வீதம், அதாவது திரை விநாடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றுகிறது என்பது, 48 முதல் 144 ஹேர்ட்ஸ் வரை தானாக மாறும் வகை. ஆனாலும் கார்ப் பந்தய விளையாட்டில் வளைவு திரும்பும்போது வீதியோர விளக்குக் கம்பம், வெட்டிய கரும்பு போல இரண்டு துண்டாகி, கீழ்த்துண்டு ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது.

மொனிட்டர் மெனுவிலும் கிராபிக்ஸ் கார்ட் டிரைவரிலும் அந்த வசதியை இயக்கியாயிற்று. கேபிள் டிஸ்ப்ளே போர்ட். விளையாட்டு விநாடிக்கு 160 பிரேம் (படம்) ஓடியபோதுதான் மோசமாக இருந்தது. 144 ஐத் தாண்டினால் மொனிட்டரால் ஈடுகொடுக்க முடியாதல்லவா? அதனால் 141 இல் கட்டுப்படுத்தினேன். பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் திரையின் அடிவிளிம்பில் மட்டும் இடைக்கிடை ஒரு கோடு மின்னி மறைகிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை!

டிரைவரில் வீ-சிங்க்கையும் (திரை ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை அடுத்ததைக் காக்க வைக்கும் வசதி) சேர்த்து இயக்கச் சொல்கிறான் மச்சான். 141 கட்டுப்பாடு இருக்கும்போதும் அதனால் ஸ்டியரிங் தாமதமாகுமா? இரண்டையும் சேர்த்துப் பாவிப்பவர்கள் சொல்லுங்கள்.